காலில்லாத மேசை

ஜிம்னி, குர்கா, தார் மாதிரியான ஃபோர்வீல் டிரைவ் வண்டிகளின் பின்கதவு பக்கவாட்டில் திறக்கும். தாரில் மட்டும் கண்ணாடி தனியாக மேலே போகும். அதற்குக் கீழே இருக்கும் கதவு பக்கவாட்டில்தான். வெளிப்பக்கம் ஸ்டெப்னி தொங்குகிறது. உள்பக்கம் வெறும் பிளாஸ்டிக் மூடி, அதைக் கழற்றினால் தகரம். அந்த வெற்றிடத்தைப் பார்க்கிறவர்களுக்கு ஓர் ஆசை வருவது இயல்பு. இங்கே ஒரு பலகையைக் கீல் வைத்து மாட்டினால், கதவைத் திறந்து பலகையைச் சாய்த்ததும் மேசை தயார். பழவேற்காட்டில் ஏரிக்கரையோரம் நிறுத்தி டீ போடலாம், மீன் நறுக்கலாம், லேப்டாப்பை வைத்து வேலையும் பார்க்கலாம்.

திருவள்ளூர் மாவட்டத்துக்கு இந்த வகைக் கதவு புதிதல்ல. மிட்சுபிஷியோடு சேர்ந்து இந்துஸ்தான் மோட்டார்ஸ் நடத்திய திருவள்ளூர் ஆலையில் 1998-இல் லான்சர் வந்தது. 2002-இல் பஜேரோ வந்தது. பஜேரோவின் பின்கதவும் பக்கவாட்டில் திறந்து ஸ்டெப்னியைச் சுமக்கிற ரகம். அதே ஆலையில் பிறகு சித்ரோயன் கார்கள் உருவாகத் தொடங்கின. அவற்றின் டிக்கி மேலே தூக்கித் திறப்பது. மேசை ஆசைக்கு அங்கே இடமில்லை.

செய்து தரும் கைகளுக்கும் இந்தப் பக்கம் பஞ்சமில்லை. சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் புதுவாயலைச் சுற்றியும், வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் வரையிலும் இரும்பும் தகடும்தான் பிழைப்பு. தகட்டை லேசரில் வெட்டி, மடித்து, பவுடர் கோட்டிங் போட்டு வாங்குவது இங்கே அன்றாட ஜாப் ஒர்க். படத்தை நீட்டினால் பட்டறையில் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை எம்.எம். போடலாம் சார்?” நாமும் பயத்தில் ஓர் எம்.எம். கூட்டியே சொல்வோம். மேசை விஷயத்தில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் எண்ணம். மேசையின் மேல் வைக்கும் எடை எந்த வழியாக எங்கே போய்ச் சேருகிறது என்பது முதல் கேள்வி. வண்டி ஓடும்போது அந்தப் பலகை என்ன பாடுபடும் என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்குப் பள்ளிக்கூடத்து 3–4–5 முக்கோணம் போதும். மேசையின் ஆழம் 40 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். உள்விளிம்பு கதவோடு கீலில் பிணைந்திருக்கிறது. வெளிவிளிம்பின் இரு மூலைகளிலிருந்தும் இரண்டு கம்பிகள் மேல்நோக்கிச் சாய்வாகப் போய்க் கதவில் முடிகின்றன. கம்பி முடியும் இடம் கீலுக்கு 30 செ.மீ. மேலே இருந்தால் கம்பியின் நீளம் சரியாக 50 செ.மீ. இப்போது ஒருவர் பேச்சு சுவாரசியத்தில் மேசையின் வெளிவிளிம்பில் முழங்கையை ஊன்றி 20 கிலோவை இறக்குகிறார். கம்பியின் இழுவிசையில் செங்குத்தான பங்குதான் அந்த எடையைத் தூக்கிப் பிடிக்க முடியும். அது மொத்தத்தில் ஐந்தில் மூன்று பங்கு. ஆக, இரண்டு கம்பிகளும் சேர்ந்து 33 கிலோ இழுக்கின்றன. ஆளுக்கு 17 கிலோ கூட இல்லை. 2 மி.மீ. எஸ்.எஸ். கம்பிக்கயிறு ஒன்றே நூறு கிலோவுக்கு மேல் தாங்கும்.

இனி, மூடி வைக்கும்போது கம்பி பார்வையில் இடிக்கிறதே என்று அதே கம்பியைக் கீலுக்கு 10 செ.மீ. மேலேயே முடித்துவிடுகிறோம். வெளியிலிருந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. கணக்கில் தெரியும். கம்பி ஏறக்குறைய படுத்துவிட்டதால் அதே 20 கிலோவைத் தூக்க 82 கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டியிருக்கிறது. அதில் 80 கிலோ கிடையாக, கதவின் தகட்டைப் பிய்த்து எடுக்கும் திசையில் வேலை செய்கிறது. முதல் அமைப்பில் அது 27 கிலோதான். மேசை அதேதான், முழங்கையும் அதேதான். கம்பியின் முடிச்சை ஒரு சாண் அளவு கீழே இறக்கியதற்கு மூன்று மடங்கு அபராதம்.

அந்த இழுவையைத் தாங்க வேண்டியது கதவின் உட்தகடு. பெரும்பாலான வண்டிகளில் அது ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது, 0.7 மி.மீ. என்று எடுத்துக்கொண்டால் தவறில்லை. எம்6 போல்ட்டின் மரை ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. ஏறும். அதாவது, தகட்டில் நேரடியாக மரை வெட்டி போல்ட்டை முறுக்கினால் ஒரு முழுச் சுற்றுகூடத் தகட்டைப் பற்றாது. செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூ போட்டு மாட்டிய மேசைகள் சில மாதங்களில் கையோடு வருவதன் ரகசியம் இதுதான். இதற்கு ரிவ்நட் வேண்டும். துளைக்குள் நுழைத்து இழுத்தால் தகட்டின் பின்பக்கம் உப்பிப் பிடித்துக்கொள்ளும் மரையுள்ள குழாய் அது. ஐந்தாறு சுற்று மரையாவது கிடைக்கும். அதோடு கம்பி முடியும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டைத் தகட்டையும் வைத்தால், இழுவை ஒரு புள்ளியில் குவியாமல் பரவிவிடும். கதவின் உள்ளே பூட்டுக் கம்பியும் வைப்பர் மோட்டாரின் ஒயரும் ஓடுகின்றன. மூடியைக் கழற்றிப் பார்க்காமல் டிரில் பிடிப்பவரோடு எனக்குப் பேச்சில்லை.

எடை கதவோடு நின்றுவிடுவதும் இல்லை. கதவின் கீல்களுக்குப் போகிறது, அங்கிருந்து பாடிக்கு. ஸ்டெப்னி 28 கிலோ என்றும், அது கதவுக் கீலிலிருந்து 45 செ.மீ. தள்ளித் தொங்குகிறது என்றும், மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடையே 45 செ.மீ. என்றும் வைத்துக்கொண்டால், மேல் கீலைப் பாடியிலிருந்து பிடுங்கும் விசையும் கீழ்க் கீலை அழுத்தும் விசையும் 28 கிலோ. மேசையும் அதன் மேல் உள்ள சாமானும் சேர்ந்து அதே தூரத்தில் 18 கிலோ என்றால் அது 46 ஆகிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஸ்டெப்னி கதவுக்கு வெளியே தொங்குகிறது, மேசை உள்ளே நீள்கிறது. கதவை அதன் நீள அச்சில் முறுக்குவதில் இரண்டும் எதிரெதிர். ஒன்றை மற்றது ஓரளவு கழித்துவிடும். கதவைத் தொங்கவைப்பதில் மட்டும் இரண்டும் கூட்டாளிகள். ஏற்கெனவே கதவை லேசாகத் தூக்கித்தான் பூட்ட வேண்டியிருக்கிறது என்றால், அந்த வண்டியின் கீல் தேய்ந்துவிட்டது என்று பொருள். அங்கே மேசை வேண்டாம்.

கால் ஒன்று வைத்துவிட்டால் இந்தச் சிக்கலே இல்லையே என்று கேட்கலாம். கேட்கத்தக்க கேள்விதான். 1866-இல் டெக்சாஸ் மாட்டுப்பண்ணைக்காரர் சார்ல்ஸ் குட்நைட், மாட்டு மந்தையோடு மாதக்கணக்கில் நடக்கும் ஆட்களுக்குச் சோறாக்க, பழைய ராணுவ வண்டி ஒன்றின் பின்புறத்தில் மளிகை அலமாரியைப் பொருத்தினார். அதன் மூடியைக் கீழே சாய்த்தால் மேசை. அதைத் தாங்க மடக்குக் கால் ஒன்று. வெளிவிளிம்பில் கால் இருந்தால் விளிம்பில் ஊன்றிய 20 கிலோவும் நேராகத் தரைக்குப் போய்விடும், கதவைப் பிடுங்கும் விசை ஏறக்குறைய ஒன்றுமில்லை. நம் வண்டிக்கு இது ஒத்துவராததற்குக் காரணம் ஸ்பிரிங். யாராவது பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாலே வண்டி இரண்டொரு செ.மீ. இறங்கும். கதவும் கீலும் இறங்கும், கால் இறங்காது. அந்த நொடியில் மேசையின் கால் வண்டியையே தாங்கும் ஜாக்கியாக மாறி, கீலைத் திருகிவிடும். கால் வைத்தே தீருவேன் என்பவர் அதன் நுனியில் தடித்த ரப்பரோ, நீளம் குறைந்துகொடுக்கும் ஸ்பிரிங்கோ வைக்க வேண்டும். அதற்குக் கம்பியே மேல்.

ஹோண்டா இந்தச் சிக்கலை வேறு விதமாக அவிழ்த்தது. 1995-இல் ஜப்பானில் வந்த முதல் சிஆர்-வி காரில் டிக்கியின் தரைப்பலகையே மடக்கு மேசை. வெளியே எடுத்துக் காலை விரித்தால் தனி மேசை, உள்ளே போட்டால் தரை. வண்டியோடு எந்த ஒட்டும் உறவும் இல்லாததால் கீலும் கிடையாது, இழுவையும் கிடையாது. நேர்மையாகச் சொன்னால், மேசை மட்டுமே தேவை என்பவருக்கு இதைவிட நல்ல விடை இல்லை. கதவில் மாட்டும் மேசைக்கு இருக்கும் ஒரே பெருமை, கதவைத் திறந்த கணத்தில் அது அங்கே இருக்கிறது என்பதுதான். அந்தப் பெருமைக்காகத்தான் இவ்வளவு பாடும்.

இப்போது எம்.எம். விஷயத்துக்கு வரலாம். பலகை வளையாமல் இருப்பதற்குப் பொருளின் இறுக்கம் ஒரு காரணம், தடிமன் இன்னொன்று. தடிமனுக்குத்தான் செல்வாக்கு அதிகம். இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும். சதுர மீட்டருக்குச் சுமார் 8 கிலோ எடை என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டால், அந்த எடைக்கு இரும்பில் 1 மி.மீ. தகடு கிடைக்கும், அலுமினியத்தில் 3 மி.மீ., பிளைவுட்டில் 12 மி.மீ. பொருளாக எடுத்தால் இரும்புக்கு முன்னால் பிளைவுட் ஒன்றுமே இல்லை. இறுக்கத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். ஆனால் தடிமனின் மும்மடிப்பெருக்கம் எல்லாவற்றையும் தலைகீழாக்கிவிடுகிறது. முகப்பு நாரின் திசையில் அளந்தால் அந்த 12 மி.மீ. பிளைவுட், அதே எடை அலுமினியத் தகட்டைவிட ஏழு மடங்கு விறைப்பானது. அதே எடை இரும்புத் தகட்டைவிட ஏறக்குறைய எழுபது மடங்கு. வெறும் தட்டைத் தகட்டில் மேசை செய்வது எவ்வளவு வீண் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

தகட்டை மடித்தால் கதை மறுபடியும் மாறும். 40 செ.மீ. அகலமுள்ள 2 மி.மீ. அலுமினியத் தகட்டின் இரு ஓரங்களையும் 20 மி.மீ. கீழ்நோக்கி மடியுங்கள். எடை பத்து சதவீதம்கூட ஏறாது. மடிப்பின் நீளவாக்கில் விறைப்பு முப்பது மடங்குக்கு மேல் ஏறும். 12 மி.மீ. பிளைவுட்டையும் தாண்டிவிடும், அதுவும் அதைவிடக் குறைந்த எடையில். பொருளை நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கிறோமோ அவ்வளவுக்கு வளைவை எதிர்க்கும் என்பதுதான் இதன் சூட்சுமம். ஆகவே வீட்டில் ரம்பத்தோடு உட்கார்ந்து செய்பவருக்கு என் ஓட்டு பிளைவுட்டுக்கு. மடிப்பு எந்திரம் கூப்பிடு தூரத்தில் இருக்கும் புதுவாயல்காரருக்கு அலுமினியம். இரண்டு ஓரங்களோடு நிறுத்தாமல் கம்பி மாட்டும் வெளிவிளிம்பையும் மடித்துக்கொள்ள வேண்டும். தகட்டின் நடுப்பகுதி அப்போதும் தொளதொளவென்றுதான் இருக்கும். அதற்குக் கீழே தொப்பி வடிவில் ஒரு பட்டையை ஒட்டினால் அடங்கிவிடும்.

மடிப்பில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, படம் போடுபவர்கள் அடிக்கடி கோட்டைவிடுவது அங்கேதான். 2 மி.மீ. தகட்டில் வெளி அளவு 20-க்கு 20 வரும்படி ஓர் ‘எல்’ வேண்டும் என்றால் 40 மி.மீ. வெட்டக் கூடாது. மடியும் இடத்தில் வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் சுருங்குகிறது, இடையே ஒரு கோடு மட்டும் நீளம் மாறாமல் இருக்கிறது. அந்தக் கோட்டின் நீளத்தைக் கணக்கிட்டால், உள்வளைவு 2 மி.மீ. என்றால் வெட்ட வேண்டியது சுமார் 36.4 மி.மீ. அது போக, அழுத்தத்தை விட்டதும் தகடு இரண்டொரு பாகை திரும்பி விரியும். அதற்காகவே 90-ஐத் தாண்டி மடித்து விடுவார்கள். அலுமினியத்திலும் ரகம் உண்டு. 5052 நல்லபிள்ளை, சொன்னபடி மடியும். கடினப்படுத்திய 6061-டி6 தகட்டை இறுக்கி மடித்தால் முனையில் விரிசல் விடும். கடைக்காரர் வெறுமனே ‘அலுமினியம் ஷீட்’ என்று எடுத்து நீட்டினால் எண்ணைக் கேட்டு வாங்குவது நல்லது. பிளைவுட் என்றாலும் அப்படித்தான். ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளை, 72 மணி நேரம் கொதிக்கும் நீரில் கிடந்தும் அடுக்கு பிரியாமல் நிற்க வேண்டிய ரகம். எம்ஆர் என்று எழுதியிருப்பது வீட்டு அலமாரிக்கு, வண்டிக்கல்ல.

இத்தனையும் மேசை மேசையாக நிற்கும்போது. ஆனால் அது மேசையாக நிற்பது ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம். மீதிப் பொழுதெல்லாம் அது கதவில் ஒட்டிக்கொண்டு குலுங்கும் ஐந்து கிலோ சுமை. கன்டெய்னர் லாரிகள் அரைத்துப் போட்ட சர்வீஸ் ரோட்டில், பள்ளத்தில் ஏறி இறங்கும் சக்கரம் நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை அதிரும். 12 என்று வைத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு 43,200 குலுக்கல். டீ டம்ளர்களின் எடை இதற்குப் பக்கத்தில்கூட வராது. மேசையைக் கொல்வது பாரமல்ல, பயணம்தான்.

உலோகம் இப்படித் திரும்பத் திரும்ப வளைந்தால், ஒரே தடவையில் எளிதாகத் தாங்கக்கூடிய சுமைக்கும் ஒருநாள் முறிந்துவிடும். ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் ரயில் அச்சுகள் முறிவதை 1850, 60-களில் வருடக்கணக்கில் சோதித்துக் கண்டது இது. இரும்பில் ஒரு வரம்பு உண்டு. அழுத்தம் அதற்குக் கீழே இருந்தால் எத்தனை லட்சம் குலுக்கல் ஆனாலும் கவலையில்லை. அலுமினியத்தில் அப்படித் தெளிவான வரம்பு இல்லை. குறைந்த அழுத்தத்திலும் களைப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே போகும். எனவே மேசைப்பலகை அலுமினியமாக இருக்கட்டும், கீலும் கொக்கியும் எஸ்.எஸ்.ஸில் இருக்கட்டும். அலுமினியத்தில் போடும் துளைகளின் ஓரத்தை அரம் போட்டு வழுவழுப்பாக்குவது அழகுக்காக அல்ல. விரிசல் தொடங்க விரும்பும் இடம் அந்தப் பிசிறுதான்.

நட்டு கழல்வதும் இதே குலுக்கலால்தான். போல்ட்டை நீளவாக்கில் இழுத்து விடுவதைவிடப் பக்கவாட்டில் ஆட்டுவது அதைச் சீக்கிரம் கழற்றிவிடும் என்பதை 1969-இல் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் அதற்கென்றே ஒரு கருவி செய்து காட்டினார். மரைகளுக்கு இடையே சிறு வழுக்கல் ஏற்படும் ஒவ்வொரு முறையும் நட்டு ஒரு துளி பின்னால் திரும்புகிறது. வெறும் ஸ்பிரிங் வாஷர் இதை நிறுத்தாது. நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டுப் போடலாம். ரிவ்நட்டில் போல்ட் முறுக்கும் இடத்தில் மரைப்பசை. அதற்கும் முன்னால், ஆடவே விடாமல் செய்வது நல்லது. மடக்கிய மேசைக்கும் கதவுக்கும் நடுவே நான்கு மூலைகளிலும் ரப்பர் பட்டை வைத்து, கொக்கியைப் பூட்டும்போது அந்த ரப்பர் ஒரு மில்லிமீட்டராவது நசுங்கும்படி அமைத்தால், பலகை எப்போதும் அழுத்தத்திலேயே இருக்கும். தட்டவும் செய்யாது, கத்தவும் செய்யாது. இழுத்து மடக்கிப் பூட்டும் டாகிள் கொக்கி இதற்கென்றே பிறந்தது. கம்பிகளையும் உள்ளே தொங்கவிடாமல் ஒரு ரப்பர் வளையத்தில் செருகி வைக்க வேண்டும்.

கொக்கி ஒன்று போதுமா? பிரேக் அடித்தால் மேசை உள்ளே, அதாவது பின்சீட்டுப் பக்கம் சாயப் பார்க்கும். சாதாரணப் பிரேக்குக்கு மேல்விளிம்பில் இருக்கும் கொக்கி மேல் இரண்டு கிலோ விழும், அவ்வளவுதான். மோதல் வேறு கதை. 20 மடங்கு புவியீர்ப்பு என்று வைத்தால் அதே ஐந்து கிலோ பலகை கொக்கியை 50 கிலோவால் இழுக்கும். பின்சீட்டில் குழந்தைகள் உட்காரும் வண்டியில் இரண்டு கொக்கிகளுக்குக் குறையக் கூடாது. பலகையின் உட்புறத்தில் கத்தி, கரண்டி, சாணை என்று எதையும் செருகி வைப்பதும் வேண்டாம்.

சட்டத்தைப் பொறுத்தவரை, பதிவுச் சான்றில் இருக்கும் விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. உள்பக்கம் போல்ட்டில் மாட்டிக் கழற்றக்கூடிய பலகை அந்த விவரங்கள் எதையும் தொடுவதில்லை. கதவின் சட்டகத்தையே வெட்டி மேசையை உள்ளே பதிப்பது வேறு. வண்டி வாரன்ட்டியில் இருந்தால் அதற்கும் உலை வைக்கும்.

பழவேற்காட்டுப் பக்கம் அடிக்கடி போகிறவருக்கு உப்புக்காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். உப்பு ஈரத்தில் அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டால் அங்கே ஒரு சின்ன பேட்டரி உருவாகிறது. அதில் அழிவது அலுமினியம். பெரிய அலுமினியத் தகட்டில் சின்ன எஸ்.எஸ். போல்ட் என்றால் அரிப்பு மெதுவாகப் போகும். பெரிய இரும்புத் தகட்டில் சின்ன அலுமினிய ரிவெட் என்றால் ரிவெட் கரைந்துவிடும். இடையில் நைலான் வாஷர் வைத்தால் அரிப்பு குறையும். கதவில் போட்ட துளைகளின் ஓரத்துக்குப் பெயின்ட் தொட்டு வையுங்கள். டிரில் போட்டபோது விழுந்த இரும்புத்தூளைக் காந்தம் விட்டு எடுத்துவிடுங்கள். கதவின் அடியில் நீர் வடியும் துளைகள் இருக்கும்; அந்தத் தூள் அங்கேதான் போய் அடைத்துத் துருவை வளர்க்கும்.

எல்லாம் மாட்டியான பிறகு சோதிக்க லேப் வேண்டியதில்லை, தண்ணீர்க் கேன் போதும். 20 லிட்டர் கேனில் தண்ணீர் மட்டுமே 20 கிலோ. அதை மேசையின் வெளிவிளிம்பில், இரண்டு கம்பிகளுக்கும் நடுவே வைத்து, விளிம்பு எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். கேனை எடுத்ததும் பலகை பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் எங்கேயோ ஏதோ நிரந்தரமாக வளைந்துவிட்டது. தேட வேண்டிய முதல் இடம் கம்பி முடியும் தகடு. பிறகு ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து தகடு வரைக்கும் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுத்துவிட்டு, பெரியபாளையம் ரோட்டிலோ பொன்னேரி வழியிலோ ஒரு சுற்றுப் போய் வரலாம். திரும்பி வந்து பார்க்கும்போது தலையில் இருக்கும் கோடும் தகட்டில் இருக்கும் கோடும் நேர்கோட்டில் இல்லாத போல்ட்டுகளைக் கழற்றி, மரைப்பசை போட்டு மறுபடி முறுக்க வேண்டும். அடுப்பை ஏற்றுவது அதற்கப்புறம்.